மே ஆப்பிள்: அமெரிக்கக் காட்டுச் செடியா, இமயத்துச் செடியா?

பழுத்த பழத்தை உண்ணலாம், வேர்த்தண்டை உண்டால் உயிருக்கே ஆபத்து என்னும் இயல்புடைய மே ஆப்பிள், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் மர நிழலில் வளர்கிறது. அதன் நெருங்கிய உறவான இமய மே ஆப்பிள், இமயமலைச் சரிவுகளில் ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்துக்கு மேல் காணப்படுகிறது. இரண்டிலும் உள்ள முக்கிய நச்சு போடோஃபில்லோடாக்சின்தான். புற்றுநோய் மருந்தான எடோபோசைடு அதிலிருந்தே தயாரிக்கப்படுவதால், இரண்டில் எதை நாடுவது என்பது தோட்ட ஆர்வலர்களோடு முடிந்துவிடும் கேள்வியன்று.

காய்ப்பில் முதலிடம் இமயச் செடிக்கே. அதன் பூ, இலைகள் முழுதும் விரியும் முன்பே மேல்நோக்கி மலர்ந்து, தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, முட்டை வடிவில் சிவந்த பழமாகிறது. அமெரிக்கச் செடியிலோ ஒற்றை இலைத் தண்டு பூப்பதே இல்லை. இரண்டு இலைகள் பிரியும் கவட்டில் ஒரே ஒரு வெள்ளைப் பூ தலைகவிழ்ந்து தொங்கும், குனிந்து இலையை விலக்கினால்தான் கண்ணில் படும். தன் மகரந்தம் பெரும்பாலும் அதற்கு உதவாது. ஒரே வேர்த்தண்டு கிளைத்துப் பரவிய கூட்டம் ஒரே செடிக்குச் சமம் என்பதால், தண்டுகள் நெருங்கி நிற்கும் இடத்திலும் காய் அரிதாகவே இருக்கும். ஆனாலும், கோடையின் பிற்பகுதியில் மஞ்சளாகக் கனியும் அப்பழத்தின் மணத்துக்குத் தனி மதிப்பு உண்டு. பெட்டி ஆமைகள் அதை விரும்பித் தின்று விதையைப் பரப்புகின்றன. எந்தச் செடியானாலும் நன்கு கனிந்த சதைப்பகுதியை மட்டுமே அளவோடு உண்ண வேண்டும். பச்சைக் காயும் விதையும் நஞ்சு.

மருந்துக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. உலர்ந்த இமய வேர்த்தண்டில் 4 விழுக்காடு அளவுக்கும், அமெரிக்க வேர்த்தண்டில் 0.25 விழுக்காடு அளவுக்கும் போடோஃபில்லோடாக்சின் இருப்பதாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. 1820ஆம் ஆண்டின் அமெரிக்க மருந்து நூலிலேயே பேதி மருந்தாக இடம்பெற்ற அமெரிக்கச் செடியை, இமயச் செடி இந்த அளவில் எளிதாக விஞ்சிவிடுகிறது. ஆனால் அந்த வளமே அதற்குக் கேடாகவும் முடிந்தது. வேர்த்தண்டைத் தோண்டினால் செடியே போய்விடும். விதை முளைத்து வளரவோ ஆண்டுகள் பிடிக்கும். அளவுமீறித் தோண்டப்பட்டதால், 1990இல் அது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் (CITES) இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆகவே, விழுக்காட்டை மட்டும் பார்த்து இமயச் செடியைத் தேர்ந்தெடுப்பது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்கச் செடியின் இலையிலும் இம்மருந்துப் பொருள் உண்டு. செடிக்குச் செடி அளவு மாறுபடுவதால் வளமானவற்றைத் தேர்ந்து பயிரிட வேண்டியிருக்கும். ஆனால் இலையை அறுத்தால் வேர்த்தண்டு மண்ணிலேயே தங்கி அடுத்த வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். இமயச் செடியிலிருந்து நாம் பெற வேண்டியது அதன் மரபணு அறிவுதான்: 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அச்செடியின் நொதிகளை இனங்கண்டு, எடோபோசைடின் முன்னோடிப் பொருளைப் புகையிலை இனச் செடியொன்றில் உருவாக்கிக் காட்டினர். அந்த வழி தொழில் அளவுக்கு வளரும் வரை, பயிரிட்ட அமெரிக்கச் செடியின் இலையே பொறுப்பான தேர்வு. இலைதான் வேர்த்தண்டுக்கு உணவூட்டுகிறது என்பதால், துளிர்த்த வேகத்தில் அறுக்காமல் செடி போதிய உணவைச் சேமித்த பிறகே அறுக்க வேண்டும்.