கிரேக்கச் செயலியும் அந்த ஒற்றைக் கோடும்

கிரேக்கம் படிக்க நான் பணம் கட்டி வைத்திருக்கும் செயலியின் ஆண்டுச் சந்தா இப்போது பாதி விலையாம். கிரேக்க முதலாளியின் கப்பலில் ஏறப்போகிற நண்பன், "வாங்கலாமாடா?" என்று கேட்கிறான். முழு விலை கொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? சரி, வயிற்றெரிச்சலை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன்.

கப்பலில் வேலைப் பேச்சு ஆங்கிலத்திலேயே முடிந்துவிடும். கிரேக்கம் தேவைப்படுவது மெஸ் ரூமில்தான். அதற்கு இந்தச் செயலி நன்றாகவே உதவுகிறது. பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டால் நடுக்கடலிலும் ஓடும். 24 எழுத்துகளும் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. கணக்கில் படித்த டெல்டாவுக்கு இன்றைய உச்சரிப்பு, நாம் 'அது' என்னும்போது வரும் மெல்லிய 'து'வின் ஒலிதான். அதைச் சொல்லின் தொடக்கத்தில் கொண்டுவரத்தான் கொஞ்சம் பழக வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வாழ்த்துகளுக்கான பகுதி. கிரேக்கர்களிடம் எதற்கும் ஒரு வாழ்த்து உண்டு. முடி வெட்டிக்கொண்டு வந்தால், புதுச் சட்டை போட்டால் 'மே யா'. மாதம் பிறந்தால் 'கலோ மீனா'. கடலுக்குப் போகிறவனுக்கு 'கலேஸ் தாலசெஸ்'. பிறந்தநாளைவிடப் பெயர்நாளை, அதாவது தன் பெயர் கொண்ட புனிதரின் திருநாளை, பெரிதாகக் கொண்டாடுவோரும் நிறையப் பேர். டிசம்பர் 6 புனித நிக்கோலாஸ் திருநாள். மாலுமிகளின் காவலர் அவர். எங்கள் சீஃப் எஞ்சினியருக்கும் அதே பெயர். அன்று 'ஹ்ரோன்யா பொலா' என்று சொன்னேன். மனிதர் எழுந்துபோய், 'ப்ரீக்கி' என்கிற நீளக் கைப்பிடிப் பாத்திரத்தில் நுரை பொங்கக் காபி போட்டு, அடியில் தூள் தங்கும்வரை குடிக்காதே என்று சொல்லிக் கையில் கொடுத்தார்.

அப்புறம் அந்த அழுத்தக் கோடு.

முன்பெல்லாம் கிரேக்க எழுத்துகளின் மேல் விதவிதமான குறிகள் இருக்கும். 1982இல் அரசு அவற்றைக் கைவிட்டு, அழுத்தத்துக்கு ஒரே ஒரு சாய்கோட்டை வைத்துக்கொண்டது. எந்த அசையை அழுத்த வேண்டும் என்று அது காட்டும். தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை என்பதால் நம் நாக்குக்கு இதுதான் பெரிய பயிற்சி. 'பொத்தே' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'எப்போது?', கடைசி அசையை அழுத்தினால் 'ஒருபோதும் இல்லை'. சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்!

செயலி இதைக் கண்டுகொள்வதே இல்லை. கோடு போடாமல் தட்டினாலும் பச்சை டிக். மைக்கில் வேண்டுமென்றே அழுத்தத்தை இடம் மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் பச்சை டிக், கூடவே கைதட்டல். எழுதிக் கேட்டதற்கு, தொடக்கநிலையில் இருப்பவர்களைச் சோர்வடையச் செய்ய விரும்பவில்லை என்று பதில் வந்தது. அடுத்த அப்டேட்டில் சரிசெய்திருப்பார்கள் என்று திறந்தால், கைதட்டலோடு பட்டாசும் வெடிக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு தப்பைத் தட்டிக்கொடுக்கிற வாத்தியார் எதற்கு?

வாழ்த்துப் பகுதிக்காக மட்டும் வாங்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் ஏறிவிட்டது. வேண்டாம்டா, பாதி விலைக்கும் வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால் மைக் பயிற்சியை அணைத்துவிடு. அழுத்தம் பழகக் கிரேக்க அரசு ஒலிபரப்பான எர்த்தின் (ERT) வானொலிச் செய்தியைக் கேள். செய்தி வாசிப்பவர் வாயில் ஒவ்வோர் அழுத்தமும் தெளிவாக விழும், அதற்குச் சந்தாவும் கிடையாது.