எதிரெடைக் கவணா, பெரும்பீரங்கியா: மதிலை உடைக்க எது உதவியது?

1400 வாக்கில் ஐரோப்பாவில் ஒரு கோட்டையை முற்றுகையிடக் கிளம்பும் தளபதிக்கு முன் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று ட்ரெபுஷே என்ற எதிரெடைக் கவண்பொறி, மற்றது பொம்பார்ட் என்ற பெரும்பீரங்கி. பீரங்கி வந்ததுமே கவண்பொறி வழக்கொழிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. 1422இல் போஹீமியாவின் கார்ல்ஷ்டைன் கோட்டையை ஹூசைட்டுகள் என்ற மதச் சீர்திருத்தக் குழுவினர் முற்றுகையிட்டபோதுகூட இரண்டும் அருகருகே நின்றன. மாதக்கணக்கில் அடித்தும் கோட்டை விழவில்லை என்பது வேறு கதை.

ஒரே அடியில் எந்த மதிலும் சரிவதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும், அதுவும் உள்ளே இருப்பவர்கள் இரவில் அடைப்பதற்குள். இந்த இரண்டையும் வைத்துத்தான் கருவிகளை எடைபோட வேண்டும்.

கவண்பொறியில் நீண்ட மரத்தண்டு ஒன்று அச்சில் ஆடும். அச்சிலிருந்து ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் ஐந்தாறு மடங்கு நீளம். குட்டைப் பக்கத்தில் மண்ணோ கல்லோ ஈயமோ நிரப்பிய பெட்டி, நீளப் பக்கத்து நுனியில் கவண் வார். 100 கிலோ கல்லை எறிய ஏறக்குறைய 10 டன் எதிரெடை வேண்டும். வாரின் ஒரு முனை தண்டில் நிலையாகக் கட்டப்பட்டிருக்கும், மறுமுனை வளையமாக நுனிக் கொக்கியில் மாட்டியிருக்கும். குறி பார்ப்பது முழுக்க இந்தக் கொக்கியில்தான். நிமிர்த்தினால் வளையம் சீக்கிரம் கழன்று கல் மேலே போகும். வளைத்தால் தாமதமாகக் கழன்று தாழப் பாயும். ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், சம எடைக் கற்கள் சில மீட்டருக்குள் அடுத்தடுத்து விழும். அதனால்தான் கல்தச்சர்கள் கற்களைச் செதுக்கி எடை பார்த்தார்கள். வார் நனைந்து நீளம் மாறினால் குறி தப்பும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இலக்கை மாற்ற வேண்டுமானால் மொத்தச் சட்டகத்தையும் திருப்ப வேண்டும். கல் வளைந்து போய் மேலிருந்து விழுவதால் மதில் உச்சியும் கூரைகளும் நொறுங்கும், அடிமதில் பெரும்பாலும் தப்பிவிடும். கட்டவும் நாளாகும். 1304இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டை முன் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு எழுப்பிய 'வார்வுல்ஃப்' கவண்பொறி மாதக்கணக்கில் வேலை வாங்கியது. எதிரெடைக்குத் தேவாலயக் கூரைகளின் ஈயத்தையே உரித்தார்கள். அது தயாரானபோது கோட்டைக்காரர்கள் சரணடைய முன்வந்தார்கள். மன்னரோ, பொறியை ஒருமுறை இயக்கிப் பார்க்காமல் ஏற்க மாட்டேன் என்றுவிட்டார்!

பொம்பார்ட் நேராக, தாழ்வாகச் சுடும். அடிமதிலைப் பெயர்க்கும் வேலைக்கு அதுதான் ஏற்றது. 1449இல் செய்யப்பட்ட மான்ஸ் மெக் பீரங்கியைப் பாருங்கள். நீள இரும்புப் பட்டைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, மேலே பழுக்கக் காய்ச்சிய வளையங்களை இறுக்கியிருக்கிறார்கள். குழல்வாய் ஏறக்குறைய அரை மீட்டர், எடை 6 டன்னுக்கு மேல், கல்குண்டு 150 கிலோவைத் தாண்டும். ஆனால் பட்டைக்கும் பட்டைக்கும் இடையிலான ஒட்டு ஒன்று பலவீனமாக இருந்தாலும் குழல் பிளக்கும். 1460இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் அருகே நின்ற ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் இப்படி வெடித்த பீரங்கியால்தான் இறந்தார்.

குண்டு ஏற்றுவதும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பதினைந்தாம் நூற்றாண்டு ஜெர்மன் கைநூல் சொல்லும் அளவு இது: குழலின் பின்பகுதியான மருந்தறையை ஐந்து பங்காக்கி மூன்றில் வெடிமருந்து, ஒன்று வெற்றிடம், ஒன்றில் மரக்கட்டை அடைப்பு. பிறகு குண்டை வைத்து, ஆப்பு செருகிக் களிமண் பூச வேண்டும். சுட்டபின் குழல் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் முன் நின்ற, துருக்கியருக்காக ஓர்பன் என்ற வார்ப்பாளர் செய்த பெரிய பீரங்கி நாளொன்றுக்கு ஏழு முறைதான் சுட்டது என்கிறார்கள். இடைவெளியில் நகரத்தார் மண்ணும் மரமும் கொண்டு உடைப்பை அடைத்தார்கள்.

மருந்தும் சிக்கல். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் பொடியாகக் கலந்து வண்டியில் ஏற்றினால் குலுக்கலில் பிரியும், ஈரமும் இழுக்கும். ஈரப்படுத்திப் பிசைந்து குருணையாக்கி உலர்த்தும் முறை பதினைந்தாம் நூற்றாண்டில் பரவியபோது இந்தத் தொல்லை குறைந்தது. அதே அளவு மருந்து அதிக வேகம் தந்தது, பழைய குழல்கள் அதைத் தாங்கவில்லை என்பதுதான் புதுத் தலைவலி.

என் கணிப்பில், 1400இல் காடும் தச்சரும் கிடைக்கும் இடத்தில் கவண்பொறியே நம்பகமானது. 1450இல் ஆற்றுவழியோ நல்ல சாலையோ இருந்தால் பொம்பார்ட். சாலை மோசமென்றால் அதைத் தொடவே கூடாது; ஓர்பனின் பீரங்கியை ஏட்ரியானோபிளிலிருந்து இழுத்துவர 60 காளைகள் தேவைப்பட்டதாகச் சொல்கிறார்கள். தற்காப்புக்குக் கவண்பொறி இன்னும் கொஞ்ச காலம் பயன்பட்டது. 1480இல் துருக்கியர் ரோட்ஸ் தீவை முற்றுகையிட்டபோது உள்ளிருந்த வீரர்கள் ஒன்றைக் கட்டி எதிரிப் பீரங்கிகள்மீது கல்லெறிந்தார்கள்.

இரண்டையுமே ஓரங்கட்டியது இன்னும் பெரிய பீரங்கி அல்ல, சிறியதுதான். கல்குண்டுக்குப் பதில் இரும்புக் குண்டு வந்தது; கல்லைவிட இரும்பு ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி. அதனால் சிறு குழலிலிருந்தே கனமான குண்டு போனது. 1494இல் பிரான்சின் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் கொண்டுபோன வெண்கலப் பீரங்கிகளைக் குதிரைகளே இழுத்தன. பக்கத்துக்கு ஒன்றாக நீட்டிய இரு முளைகளில் குழல் தாங்கியிருந்ததால் ஏற்றி இறக்கிக் குறி பார்க்கவும் முடிந்தது. வந்திறங்கிய அன்றே பலவற்றை வரிசையாக நிறுத்தி ஒரே இடத்தில் அடிக்கத் தொடங்கினால், உள்ளே இருப்பவர்களுக்கு உடைப்பை அடைக்க இரவு போதவில்லை.