செல்டிக்ஸா, தண்டரா: எந்த ஐவர் கெட்டி?

2025 ஜூன் 5, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வின் இறுதிச் சுற்று, முதல் ஆட்டம். ஓக்லஹோமா சிட்டி தண்டர் இறக்கிய முதல் ஐவரில் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைன் இல்லை. கூடைக்கு அடியில் காவல் நிற்கும் ஏழடி சென்டரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கேசன் வாலஸ் என்ற கார்டை (உயரம் குறைந்த, வேகமான ஆட்டக்காரர்) அனுப்பினார் பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட். இண்டியானா பேசர்ஸின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பது கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. கூடையில் விழாமல் திரும்பும் பந்துகளை, அதாவது ரீபவுண்டுகளை, எதிரணிக்கு அள்ளிக் கொடுத்தார்கள். 0.3 விநாடி மிச்சமிருக்கையில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட கூடையில் 111-110 என்று ஆட்டமும் போனது. நான்காவது ஆட்டத்தில் ஹார்ட்டன்ஸ்டைன் மறுபடி முதல் ஐவரில் வந்தார், தண்டர் வென்றது. ஏழாவது ஆட்டத்தில் கோப்பையும் வந்தது.

அதற்கு முந்தைய வருடம் கோப்பை வென்ற பாஸ்டன் செல்டிக்ஸுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. டெரிக் வைட், ஜ்ரூ ஹாலிடே, ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டம், கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ். எதிரணி யாராக இருந்தாலும், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் இந்த ஐந்து பேர்தான்.

இரண்டு ஐவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் தெரிவது செல்டிக்ஸின் சமநிலை. அந்த 2023-24 சீசனில் ஐவருமே தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி வீச்சில் 35 சதவீதத்துக்கு மேல் போட்டவர்கள். ஹாலிடே 43-ஐ நெருங்கினார். ஏழடி இரண்டு அங்குலம் உயரமுள்ள போர்ஸிங்கிஸே கோட்டுக்கு வெளியே போய் நின்று வீசுவார். அவரை விட்டால் மூன்று புள்ளி, அவர் பின்னால் போனால் கூடைக்கு அடியில் காவல் இல்லை. எதிரணி சென்டருக்கு இது நரகம். அந்தக் காலியிடத்துக்குள்தான் பிரவுனும் டேட்டமும் புகுந்தார்கள். காவலிலும் ஓட்டை கிடையாது. வைட், ஹாலிடே இருவரும் லீக் அறிவிக்கும் அந்த வருடச் சிறந்த தற்காப்பு அணிகளில் இடம்பிடித்தவர்கள். ஹாலிடே தன்னைவிட ஒரு சாண் உயரமானவரையும் முட்டித் தள்ளி நிறுத்துவார். அந்த அணியில் என்னைக் கேட்டால் அவர்தான் ரத்தினம். டேட்டம் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

தண்டரின் ஐவர் அப்படி இல்லை. ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்ற அச்சைச் சுற்றும் சக்கரம் அது. 2024-25-இல் ஆட்டத்துக்குச் சராசரி 32.7 புள்ளிகள், லீகில் முதலிடம். சீசனின் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது), இறுதிச் சுற்றின் எம்விபி இரண்டும் அவரே. எதிராளி தவறுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ வாங்கியே பிழைக்கிறார் என்ற கிண்டல் உண்டு. கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, தோளால் இடித்து இடம் வாங்கி, பதினைந்தடியில் நின்று எழும்பி வீசும்போது தடுக்க வழி? செல்டிக்ஸின் ஐவரில் அப்படி ஒருவர் இல்லை. டேட்டம் எல்லாம் செய்வார். ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தை யார் கையில் கொடுப்பீர்கள் என்று கேட்டால், நான் ஷாயின் கையில்தான் கொடுப்பேன்.

ஷாய்க்கு அடுத்தபடியாகப் புள்ளி எடுப்பதை ஜேலன் வில்லியம்ஸ் பார்த்துக்கொள்வார். இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 அடித்தவர். பிரவுனுக்கும் இவருக்கும் இன்றைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் லூ டோர்ட்டை யாருமே எடுக்கவில்லை. 2024-25-இல் லீகின் முதல் தற்காப்பு அணியில் இடம்பிடித்தார். செட் ஹோல்ம்கிரென் குச்சி மாதிரி இருப்பார், ஆனால் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் எதிரணியின் ஐந்து வீச்சைத் தட்டிவிட்டார். வீச்சில் மட்டும் தண்டர் ஒரு படி கீழே. ஹார்ட்டன்ஸ்டைன் தூரத்தில் நின்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

ஆக, காகிதத்தில் என் ஓட்டு செல்டிக்ஸுக்கு. ஐந்து இடத்தில் மூன்று அவர்களுடையது.

சிக்கல் என்னவென்றால், அந்த ஐவர் காகிதத்தில் இருந்த அளவுக்குக் களத்தில் இல்லை. 2024 பிளேஆஃபின் (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் சுற்றிலேயே போர்ஸிங்கிஸுக்குக் கெண்டைக்காலில் காயம். இறுதிச் சுற்றில் பெஞ்சிலிருந்து வந்து 20 புள்ளி எடுத்தார், அடுத்த ஆட்டத்தில் மறுபடி கால் போனது. கோப்பைவரை முதல் ஐவரில் நின்றது 38 வயது அல் ஹார்ஃபர்ட். அப்படியும் பிளேஆஃபில் மூன்றே தோல்வி என்றால், மற்ற நால்வர் எவ்வளவு கெட்டி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டருக்கும் காயம் வந்தது. 2024-25 சீசனில் ஹோல்ம்கிரென் இடுப்பெலும்பு முறிந்து நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை இல்லை. அப்படியும் 68 ஆட்டம் ஜெயித்தார்கள். ஒரு சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக அதிகப் புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணி என்ற என்பிஏ சாதனையும் அவர்களுடையதே. காரணம் பெஞ்ச். வாலஸ், அலெக்ஸ் கருசோ, ஏரன் விக்கின்ஸ் என்று அள்ள அள்ள வருவார்கள். பிளேஆஃபில் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் நிக்கோலா யோகிச் என்ற ராட்சத சென்டரை மறிக்க அனுப்பப்பட்டவர் ஆறடி ஐந்து அங்குல கருசோ! முதல் ஐவரில் அவர் பெயரே கிடையாது.

அந்த சீசனில் இரு அணிகளும் இரண்டு முறை மோதின, இரண்டும் தண்டருக்கே. ஜனவரியில் நடந்தது 105-92. இடைவேளைக்குப் பிறகு செல்டிக்ஸ் எடுத்தது வெறும் 27 புள்ளி, அதுவும் ஹோல்ம்கிரென் இல்லாத தண்டரிடம். ஐவரை ஐவரோடு ஒப்பிட்டு நான் போட்ட ஓட்டு அங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் பணம். 2025 மே மாதம் நியூயார்க்குடன் ஆடும்போது டேட்டமின் குதிகால் தசைநாண் அறுந்தது. சம்பள வரம்பின் இரண்டாவது தடுப்பு (தாண்டினால் அணிக்குக் கடும் கட்டுப்பாடுகள்) கழுத்தை நெரிக்க, அந்தக் கோடையிலேயே ஹாலிடே போர்ட்லண்டுக்கும் போர்ஸிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் போனார்கள். ஹார்ஃபர்டும் கிளம்பிவிட்டார். அதே ஜூலையில் ஷாய், வில்லியம்ஸ், ஹோல்ம்கிரென் மூவருடனும் நீண்ட ஒப்பந்தம் போட்டுக்கொண்டது தண்டர்.