பிளெட்ச்லி பார்க்கா, சர்ச்சில் வார் ரூம்ஸா?

லண்டன் பயணத்தில் இரண்டாம் உலகப்போருக்கென்று ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், என் ஓட்டு பிளெட்ச்லி பார்க்குக்கு. எதிரிகளின் ரகசியக் குறியீட்டுச் செய்திகளைப் பிரிட்டிஷார் உடைத்துப் படித்த இடம் அது. போட்டிக்கு நிற்பது, சர்ச்சில் போரை நடத்திய நிலத்தடி அறைகளான வார் ரூம்ஸ். இரண்டையும் பார்த்துவிட்டேன். மறுபடி வாய்ப்புக் கிடைத்தாலும் பிளெட்ச்லிக்குத்தான் போவேன்.

வார் ரூம்ஸின் பெருமையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1945 ஆகஸ்டில் விளக்கை அணைத்துவிட்டுப் போன வரைபட அறை இன்றும் இருக்கிறது. சர்ச்சிலின் நாற்காலிக் கைப்பிடியில் அவர் நகமும் மோதிரமும் பட்ட கீறல்களைப் பார்க்கலாம். அசல் என்ற கணக்கில் பிளெட்ச்லி தோற்றுத்தான் போகும். போர் முடிந்ததும் அங்கிருந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றை உடைத்துவிட்டார்கள்.

ஆனால் வார் ரூம்ஸில் நாம் பார்ப்பது முடிவெடுத்த மேசையை. அந்த மேசைக்கு வந்த தகவலை யார், எப்படிப் பிடித்தார்கள் என்பது பிளெட்ச்லியில்தான் புரிகிறது. எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இது ஒன்றுதான்.

பிளெட்ச்லி மாளிகைக்குப் பக்கத்தில் பழைய குதிரை லாயத்து முற்றம். அங்கே ஒரு சின்ன வீட்டில் டில்லி நாக்ஸ் வேலை செய்தார். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர்; சிதைந்த பாப்பிரஸ் ஏட்டுத் துண்டுகளிலிருந்து பழங்கிரேக்கக் கவிஞர் ஹெரோதாஸின் கவிதைகளை மீட்டெடுக்க உழைத்தவர். விட்டுப்போன எழுத்தை ஊகிக்கும் அதே பழக்கம்தான், எதிரிகள் செய்திகளை ரகசியக் குறியீடாக மாற்றப் பயன்படுத்திய எனிக்மா இயந்திரத்திலும் அவருக்குக் கைகொடுத்தது. அவர் குழுவில் மேவிஸ் லீவர் என்ற 19 வயதுப் பெண். ஒருநாள் வந்த நீளமான இத்தாலியச் செய்தியில் எல் என்ற எழுத்து ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தார். எனிக்மா எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. அப்படியென்றால்? சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னதற்கு எவனோ ஒரு சோம்பேறி எல் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான்! அதுவே உள்ளே நுழைய வழியானது. 1941 மார்ச்சில் அவர் உடைத்த வேறொரு செய்தியின் பலன், கிரேக்கக் கரையோரம் நடந்த மாத்தப்பான் கடற்போரில் இத்தாலி 3 கனரகப் போர்க்கப்பல்களை இழந்தது. இதை அந்த முற்றத்தில் நின்று படிக்கும்போது ஏற்படும் சிலிர்ப்பு எனக்கு வார் ரூம்ஸில் வரவில்லை. அந்த முற்றத்திலேயே போலந்துக் கணித மேதைகளுக்கு நினைவுச்சின்னமும் இருக்கிறது. எனிக்மாவின் குறியீட்டை முதலில் உடைத்தவர்கள் அவர்கள்தான், தவறாமல் பாருங்கள்.

பிரபுக் குடும்பங்கள் பக்கமும் பிளெட்ச்லியில் சுவாரசியம் அதிகம். மாளிகை நிதிப் பிரமுகர் சர் ஹெர்பர்ட் லியோனுடையது. 1938-இல் உளவுத்துறைத் தலைவர் அட்மிரல் சின்க்ளேர் வாங்கினார். நல்ல குடும்பத்துப் பெண்கள் ரகசியம் காப்பார்கள் என்று நம்பி, ஆரம்பத்தில் உயர்குடி இளம்பெண்களையும் அழைத்தார்கள். உச்சத்தில் கிட்டத்தட்ட 9,000 பேர், நான்கில் மூன்று பங்கு பெண்கள்.

செலவென்று பார்த்தால், பிளெட்ச்லிக்கு யூஸ்டனிலிருந்து ரயில் கட்டணமும் சேரும். ஆனால் நான் வாங்கிய சீட்டு ஓராண்டுக்குச் செல்லும். லண்டனில் உறவினர் வீட்டுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு லாபம். நான் போனது வாரநாள், அதனால் விடுமுறைக் கூட்டத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன். போர்க்காலத்தில் குறியீடு உடைக்க உதவிய கொலோசஸ் இயந்திரத்தை மீண்டும் உருவாக்கி ஓடவிட்டிருக்கிறார்கள்; அது பக்கத்திலேயே உள்ள கணினி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குத் தனிச் சீட்டு, எல்லா நாளும் திறப்பதில்லை. தேதி பார்த்துக் கிளம்புங்கள். கையில் அரை நாள்தான் இருக்கிறதா? சரி, அப்போது வார் ரூம்ஸ்.