பெங்களூரின் கறுப்பு டைக்குகள்: பிளூமா, பழைய தட்டின் எச்சமா?

பெங்களூரில் சமையல் மேடைக்குக் கல் வாங்கப் போனால், 'பிளாக் கிரானைட்' என்று கடைக்காரர் காட்டுவதில் பல கிரானைட்டே இல்லை, டோலரைட். பூமியின் ஆழத்திலிருந்து ஏறிவந்த பசால்ட் குழம்பு பாறை விரிசல்களில் புகுந்து, வெளியே வழியாமல் அங்கேயே உறைந்தது. கனகபுரா சாலைப் பக்கம் வெளிறிய நைஸ் (gneiss) என்னும் பழைய உருமாறிய பாறைக்குள் கறுப்புச் சுவராக நிற்கும் டைக்குகள் இந்த வகைதான். லால்பாக் குன்றின் நைஸுக்குச் சுமார் 300 கோடி வயது. கிழக்கு மேற்காக ஓடும் பெங்களூர் டைக் கூட்டத்துக்கு, பேடெலியைட் கனிமத்தின் யுரேனியம்-ஈயக் கணக்கில், ஏறக்குறைய 237 கோடி.

குழம்பு எங்கிருந்து வந்தது? மேன்டிலின், அதாவது பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள பாறை அடுக்கின், ஆழத்திலிருந்து எழுந்த பிளூம், அதாவது வெப்பத் தூண், என்பது ஒரு கட்சி. விசிறிபோல் விரியும் டைக்குகளும், அவற்றின் வயது ஒன்றையொன்று நெருங்கி நிற்பதும் அதற்குப் பக்கபலம்.

பூமியோட்டின் பழைய தட்டு ஒன்று அடியில் செருகியபோது, அதிலிருந்து கசிந்த திரவத்தில் கண்டத்தின் கீழுள்ள மேன்டில் ஊறிப்போனது, அதுதான் பின்னாளில் உருகியது என்கிறது மறுகட்சி. அதன் சாட்சி நியோபியம் என்ற தனிமம். செருகும் தட்டிலிருந்து கசியும் திரவம் லாந்தனத்தை எடுத்துவரும், நியோபியத்தை விட்டுவிடும். பல டைக் மாதிரிகளில் நியோபியம் குறைவுதான். சரி, வழக்கு முடிந்ததா?

இல்லை. ஆதி மேன்டிலில் நியோபியம்-லாந்தனம் விகிதம் 1-ஐ ஒட்டியது. கண்ட மேலோட்டில் சுமார் 0.4. ஏறும் வழியில் குழம்பு கொஞ்சம் நைஸைக் கரைத்துக்கொண்டாலும் இதே அடையாளம் விழும். நைஸில் சிலிக்கா அதிகம், அதனால் சிலிக்காவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சிலிக்கா ஏற ஏற விகிதம் இறங்கினால் வழியில் சேர்ந்த கலப்படம் என்று சந்தேகிக்கலாம். மெக்னீசியம் மிகுந்த, அதிகம் மாறாத மாதிரியிலேயே குறைவு என்றால் குறை ஊற்றிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும், மூக்கைப் பார்த்துத் தாத்தாவைச் சொல்லலாம், பிறந்த தேதியைச் சொல்ல முடியாது. தட்டு செருகியது பல கோடி ஆண்டுகள் முன்பாகவும் இருக்கலாம்.

என் ஓட்டு பிளூமுக்கு, பாதி மனதோடு. வெப்பம் பிளூமுடையது, உருகிய சரக்கில் ஒரு பங்கு பழைய மேன்டில் என்றால் இரண்டு கட்சிக்கும் சண்டையே இல்லை.

அதற்கு முன் ஒரு வேலை: டைக்குகளை வயதுவாரியாகப் பிரிப்பது. ஹாரோஹள்ளியின் கார வகை டைக்குகளுக்கு முன்பு 80 கோடி ஆண்டு என்றார்கள். சிர்க்கான் கனிமத்தின் வயதுக் கணக்கு சொன்னது சுமார் 119 கோடி. அவற்றையும் 237 கோடிக் கூட்டத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டால், புள்ளிகள் எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லாது.