முதல் சந்திப்புக்கு 16 கேள்விகள்: சி.எஃப்.ஐ. நேர்காணல் தாள் எந்த அளவுக்கு உதவுகிறது?

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியிலுள்ள 17 மனநல மையங்களுடைய பதிவுகளை அலசி, உளவியலாளர் ஸ்டான்லி சூ 1977-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். வெள்ளையர்களில் முதல் சந்திப்போடு நின்றுவிட்டவர்கள் சுமார் 30 சதவீதம். கறுப்பர், ஆசியர், பூர்வகுடியினரிலோ ஏறக்குறையப் பாதிப் பேர் மறுமுறை வரவேயில்லை. சிறுபான்மை இனத்தவருக்கான எந்த மனநலக் கருவியைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இதைப் பயன்படுத்தினால் வந்தவர் இரண்டாம் முறை வருவாரா?

கல்ச்சுரல் ஃபார்முலேஷன் இன்டர்வியூ, சுருக்கமாக சி.எஃப்.ஐ., வந்தவரின் பிரச்சினையை அவருடைய பண்பாட்டுப் பின்னணியோடு சேர்த்துக் கேட்டறியும் நேர்காணல். அந்த முதல் சந்திப்புக்கென்றே உருவானது. ஆறு நாடுகளில் சோதித்துப் பார்த்தபின் 2013-ல், மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5 நூலில் சேர்த்தார்கள். 2022 திருத்தப் பதிப்பிலும் இருக்கிறது. நூலை வாங்கத் தேவையில்லை. நேர்காணல் தாளை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

தாளில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் நடத்துபவருக்கான குறிப்பு, வலப்பக்கம் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி. 1 முதல் 3 வரை பிரச்சினையை வந்தவரே தன் சொற்களில் விவரிப்பதற்கு. 4 முதல் 10 வரை காரணம், ஆதரவு, நெருக்கடி, பின்னணி. 11 முதல் 13 வரை இதுவரை தேடிய உதவியும் அதற்கு வந்த தடைகளும். கடைசி மூன்று, இப்போது என்ன உதவி வேண்டும் என்பது.

எங்கள் பார்வையில் இதில் மிகச் சிறந்தது 2-ஆவது கேள்வி: இந்தப் பிரச்சினையை உங்கள் வீட்டாரிடம், நண்பர்களிடம் எப்படிச் சொல்வீர்கள்? மருத்துவரிடம் “டிப்ரஷன்” என்று சொன்னவர் இங்கே “நெஞ்சு அடைக்குது, ராத்திரியில் உடம்பெல்லாம் எரியுது” என்பார். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 படிவம் ஒன்பது கேள்விகளில் 0 முதல் 27 வரை ஒரு மதிப்பெண் தரும். இந்தச் சொற்களைத் தராது. இரண்டையும் நடத்துங்கள், ஆனால் சி.எஃப்.ஐ. முதலில். மதிப்பெண் படிவத்தை முதலில் நீட்டினால், வந்தவர் அதிலுள்ள சொற்களையே திருப்பிச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

பெரும்பாலும் சிக்குவது 8-ஆவது கேள்வியில். உங்கள் பின்னணியில், அடையாளத்தில் எது உங்களுக்கு முக்கியம் என்று அது கேட்கிறது. “அடையாளம்” என்ற சொல் காதில் விழுந்ததும், அகதியாக வந்தவருக்கு அடையாள அட்டையும் விசாரணை அறையும்தான் நினைவுக்கு வரும். பதில் ஒற்றை வரியில் முடிந்துவிடும். இந்தக் கேள்விக்கு முன்னால் வாசிக்கச் சொல்லி ஒரு விளக்கம் தாளிலேயே உண்டு: பேசும் மொழி, குடும்பம் எங்கிருந்து வந்தது, நம்பிக்கை, பாலினம் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அதன் சாரம். அவசரத்தில் பலர் விட்டுவிடும் பகுதியும் அதுதான். விடாதீர்கள். இந்தத் தகவல் யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் வேலை கூடும். தாளை முன்கூட்டியே அவரிடம் கொடுத்து, பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். வந்தவர் வலிக்குச் சொல்லும் சொல்லைச் சுருக்காமல், முதலில் அதே மொழியில் சொல்லிப் பிறகு விளக்கச் சொல்லுங்கள். வழக்கமாக ஒதுக்கும் நேரத்தைப் போல இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது பெரும் தவறு. மகள் எதிரில் இருக்கும்போது எந்தத் தாயும் 7-ஆவது கேள்விக்கு, அதாவது பிரச்சினையை மோசமாக்குவது எது என்பதற்கு, முழுப் பதில் சொல்ல மாட்டார். குடும்பத்தாரின் கருத்து வேண்டுமென்றால் அவர்களுக்கென 17 கேள்விகளுடன் தனித் தாள் இருக்கிறது. அதைத் தனி அறையில் நடத்துங்கள்.

கூடுதலாக 12 துணைக் கேள்வித் தொகுப்புகள் உண்டு. எல்லாவற்றையும் அச்செடுத்து அடுக்க வேண்டாம். குடியேறியோர்–அகதிகள், முதியோர் ஆகிய இரண்டோடு தொடங்கினால் போதும்.

தற்கொலை எண்ணத்தோடு வந்தவரிடமும், கடும் மனக்குழப்பத்தில் இருப்பவரிடமும் இதை முதலில் எடுக்காதீர்கள். பாதுகாப்பை உறுதிசெய்து, நிலை தணிந்தபின் நடத்தலாம். தாளைப் பார்த்துக்கொண்டே விண்ணப்பப் படிவம்போல் வாசிப்பதும் கெடுதல். சரியான பதில், தவறான பதில் என்று எதுவும் இல்லை என முன்னுரையில் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே கட்டங்களை நிரப்பத் தொடங்கினால் யார் நம்புவார்கள்?

இந்தக் கருவியின் பெரிய குறை, நேர்காணல் முடிந்தபின் என்ன செய்வது என்பதை அது சொல்லிக்கொடுப்பதில்லை. 13-ஆவது கேள்வி பணம், வேலை, அவமானம், பாகுபாடு, மொழி தெரிந்த சேவை இல்லாமை என்று தடைகளைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. “ஷிஃப்ட் முடிய இரவு எட்டாகும்” என்று ஒருவர் பதில் சொல்கிறார். அடுத்த சந்திப்பு காலை பத்துக்குக் குறிக்கப்படுகிறது. அவர் வராமல் போனால் கோப்பில் “ஒத்துழைப்பு இல்லை” என்று எழுதுகிறார்கள். இது கண்டு பொறுக்கக் கூடியதல்ல. 13, 14, 16 ஆகிய மூன்றின் பதில்களையும் சிகிச்சைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார், எப்போது, என்ன செய்வார் என்று குறியுங்கள்.

16-ஆவது கேள்வி, வேறு வேறு பின்னணி என்பதால் நமக்குள் புரிதல் தவறுமோ என்ற கவலை உண்டா என்று கேட்கிறது. முதல் நாள் பெரும்பாலோர் “இல்லை” என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்காக. மூன்றாம் சந்திப்பில் அதையே மறுபடி கேளுங்கள்.