ரோயல் ஜெல்லி: ஈரமா, தூளா, தேன் கலவையா? மட்டக்களப்பு வெயிலை எது தாங்கும்

ராணியாக வளரும் புழுவுக்குத் தேனீக்கள் ஊட்டும் கூழான ரோயல் ஜெல்லி நம் பக்கம் மூன்று உருவத்தில் வந்து சேர்கிறது: சின்னப் போத்தலில் தயிர் போல வெளிறிய ஈரக்கூழ், கப்சூலுக்குள் அடைத்த தூள், தேனோடு கலந்த போத்தல். கல்முனையில் வாங்கினாலும் சரி, கட்டாரிலிருந்து வரும் மச்சான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாலும் சரி, விலை கையைக் கடிக்கும். அந்தக் காசுக்கு வேலை செய்யக்கூடிய புரதம் கிடைக்கிறதா என்பதை வைத்தே மூன்றையும் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்கிறேன்: வீடுவரை குளிர் அறாமல் வரும் என்ற உறுதி இல்லையென்றால் இந்த ஊருக்குத் தூள்தான், அதுவும் உறையவைத்து உலர்த்திய தூள்.

இளம் வேலைக்காரத் தேனீக்களின் தலைச் சுரப்பிகளில் ஊறுவது இந்தக் கூழ். 60 முதல் 70 சதவீதம் தண்ணீர். புரதம் 9 முதல் 18 சதவீதம். அந்தப் புரதத்தில் பெரும் பங்கு ஒரே குடும்பம். அதன் மூத்த உறுப்பினரை எம்ஆர்ஜேபி1 என்பார்கள். தனி மூலக்கூறாக நிற்கும்போது அதன் எடை ஏறக்குறைய 57 கிலோடால்ரன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு). சத்தாக இருப்பதோடு அதற்கு இன்னொரு வேலையும் உண்டு என்று 2018இல் காட்டினார்கள். கூழின் புளிப்பில், அதாவது பிஎச் 4 அளவில், அது அபிசிமின் என்ற சின்னப் புரதத்தோடு சேர்ந்து நாராகிக் கூழை இறுக்கிப் பிடிக்கிறது. கீழ்நோக்கித் தொங்கும் ராணி அறையிலிருந்து புழு விழாமல் இருப்பது அதனால்தான். புரதம் வெறும் சத்து மட்டுமல்ல, அதன் வடிவமே அதன் வேலை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. சூடு முதலில் கைவைப்பதும் அந்த வடிவத்தில்தான்.

எவ்வளவு சூடு? கொதிக்க வைக்கவே தேவையில்லை. ஜப்பானிய ஆய்வாளர் மசாகி கமாகுராவும் அவரது குழுவினரும் 2001இல் எலிகளை நீந்தவிட்டுச் செய்த ஆய்வில், புதுக்கூழ் கொடுத்த எலிகளுக்குக் களைப்புக் குறைந்தது. 40 பாகை செல்சியஸில் 7 நாள் வைத்த கூழுக்கு அந்தப் பலன் இல்லை. அந்த 7 நாளில் அளவு குறைந்துபோனது மேலே சொன்ன 57 கிலோடால்ரன் புரதம்தான். விற்றமின்களும் கொழுப்பமிலங்களும் அப்படியே இருந்தன. 2011இல் அதே கமாகுரா, 40 பாகையில் 30 நாள் வைத்த கூழால் புழுவை ராணியாக்க முடியவில்லை என்றும், பிரித்தெடுத்த அந்தப் புரதத்தைச் சேர்த்தபோது முடிந்தது என்றும் எழுதினார். ராணியாவதற்கு இந்த ஒரு புரதமே காரணம் என்ற கூற்றை 2016இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த வழக்கு ராணியைப் பற்றியது. சூட்டில் இந்தப் புரதம் சிதைகிறது என்பது அதனால் மாறவில்லை.

ஆய்வுகூடத்தின் 40 பாகையை நம் ஊரில் தேடிப் போக வேண்டியதில்லை. கச்சான் வீசும் மாதங்களில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வானுக்குள்ளும், தகரக் கூரைக்குக் கீழ் இருக்கும் களஞ்சிய அறையிலும் அது தினமும் வந்துபோகிறது. “தேன்கூட்டுக்குள்ளேயே 35 பாகைதானே, பிறகென்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கூட்டில் யாரும் இதைச் சேமித்து வைப்பதில்லை. சுரக்கச் சுரக்கப் புழு தின்கிறது. கடைத்தட்டில் மாதக்கணக்காக நிற்பது நாம் வாங்கும் போத்தல் மட்டுமே.

இப்போது ஈரக்கூழை எடுப்போம். சரியாக வைத்தால் இதற்கு நிகர் இல்லை. 2 முதல் 5 பாகையில் ஆறு மாதம் வரை, உறைபெட்டியில் கழித்தல் 18இல் இரண்டு வருடம் வரை வைக்கலாம் என்பது வழமையான அளவு. சிக்கல் வழியில்தான் இருக்கிறது. உலகச் சந்தைக்குப் பெரும்பாலும் சீனாவே இதை அனுப்புகிறது. நம் நாட்டுப் பெட்டித் தேனீயின் குடும்பம் சிறியது, தரும் கூழும் குறைவு. கொழும்பில் இறங்கிய பெட்டி 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வந்து, கரண்ட் போய்வரும் கடைப் பிரிட்ஜில் உட்கார்ந்து, பிறகு உங்கள் கைக்கு வருகிறது. ரெஜிபோம் பெட்டியும் ஐசும் இல்லாமல் கொடுத்தால் வாங்காதீர்கள். திறந்து பார்க்க விட்டால் நிறத்தைப் பாருங்கள். புதுக்கூழ் பால்வெள்ளை அல்லது இளமஞ்சள். பழுப்பேறித் தடித்திருந்தால், கூழிலுள்ள சீனியும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன என்று பொருள். திரும்பக் குளிரில் வைத்தாலும் அது மீளாது.

தூளில் நல்லது, உறைந்த கூழின் பனியை வெற்றிடத்தில் நேரே ஆவியாக்கி எடுப்பது. சூடு படுவதில்லை, தண்ணீர் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தண்ணீர் இல்லாத இடத்தில் புரதம் சிதைவதும் மெதுவாகிறது. ஏறக்குறைய 3 கிராம் கூழ் 1 கிராம் தூளாகும். பெட்டியில் வெறுமனே ‘தூள்’ என்று மட்டும் இருந்தால் கேளுங்கள், சூடான காற்றில் தெளித்து உலர்த்தும் முறையும் உண்டு. தூளின் எதிரி நம் மாரி. கார்த்திகை, மார்கழியில் வாவிக்கரைக் காற்றுப் பட்டாலே ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். மூடியை இறுக்கி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாமல், முடிந்தால் பிரிட்ஜிலேயே வையுங்கள்.

தேன் கலவையை நான் வாங்க மாட்டேன். தேன் கிருமியைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. கூழ் பழுப்பானாலும் தேனின் நிறத்துக்குள் அது தெரியாமல் போய்விடும். பல போத்தல்களில் கூழின் பங்கும் சொற்பம். தேன் வேண்டுமென்றால் வாகரைப் பக்கத்துக் காட்டுத் தேனைத் தேனாகவே வாங்கிச் சாப்பிடலாம். இதே குடும்பத்துப் புரதங்கள் தேனிலும் சிறிதளவு உண்டு.

போத்தலில் ‘10-எச்டிஏ’ என்று ஒரு சதவீதம் அச்சிட்டிருக்கும். அது கூழுக்கே உரிய கொழுப்பமிலம், கலப்படத்தைப் பிடிக்க உதவும். 2016இல் வந்த ஐஎஸ்ஓ தரத்தில் கூழுக்குக் குறைந்தது 1.4 சதவீதம் கேட்கிறார்கள். ஆனால் 2001 ஆய்வில் சூடுபட்ட பிறகும் மாறாமல் நின்றது இதுதான். அதனால் அந்த எண் சரியாக இருந்தும் புரதம் போயிருக்கலாம். விற்பவர்கள் இந்த எண்ணைக் காட்டி “புத்தம் புதுசு” என்பது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

“மனே, சுடுதண்ணிக்குள்ள கலந்து குடி” என்று வீட்டில் சொல்வார்கள். வேண்டாம், ஆறிய தண்ணீர் போதும். வயிற்றிலும் புரதம் வெட்டப்படத்தான் செய்கிறது. நொதியால் வெட்டிய துண்டுகளுக்கும் இரத்த அழுத்தம் தொடர்பான செயற்பாடு இருப்பதாக ஜப்பானில் ஆய்ந்திருக்கிறார்கள். எனவே சூடுபட்ட கூழ் முழுக்க வீண் என்று சொல்ல வரவில்லை. முழு வடிவம் தேவைப்படும் வேலைகளைத்தான் அது இழக்கிறது. மேலே சொன்ன பலன்களும் எலியிலும் புழுவிலும் கண்டவை. மனித உடல்நலம் பற்றி இதற்குக் கோரப்பட்ட பலன்களை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2011இல் ஏற்கவில்லை.

ஆஸ்துமாவோ தேனீ சார்ந்த ஒவ்வாமையோ உள்ளவர்கள் மூன்றில் எதையும் தொட வேண்டாம். கடும் மூச்சுத்திணறல் வந்த பதிவுகள் உண்டு. வெயிலில் வலுவிழந்த போத்தல்தானே என்று துணிந்தும் குடிக்கக் கூடாது. செயற்பாடு போன புரதமும் ஒவ்வாமையைத் தூண்டலாம்.